சுவர் அலுமாரியை எதன்மேல் தொங்கவிடுவது? நேர்த் திருகாணி, மரச்சட்டம், சாய்வெட்டுச் சட்டம், உலோக ரெயில்: ஓர் ஒப்பீடு

கடந்த சில வாரங்களுக்குள் மூன்று வீடுகளிலிருந்து ஏறத்தாழ ஒரே கேள்வி என்னிடம் வந்தது. வெள்ளவத்தையில் புதிய தொடர்மாடி ஒன்றுக்குக் குடிபோன தங்கை ஒருவர், குசினியின் சுவர் அலுமாரிகளை நேரடியாகச் சுவரில் திருகச் சொல்வதா, மரச்சட்டம் பூட்டி அதில் ஏற்றச் சொல்வதா என்று கேட்டார். கொட்டாஞ்சேனையில் தகப்பனார் காலத்து வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கும் ஐயா ஒருவருக்குக் கனமான புத்தக அலுமாரி ஒன்றைச் சுவரில் ஏற்ற வேண்டியிருந்தது. தெஹிவளையில் வாடகைக்கு இருக்கும் இளம் தம்பதியருக்கோ, வீட்டுக்காரரின் மனம் நோகாமல், போகும்போது கழற்றிக்கொண்டு போகக்கூடிய ஒரு வழி வேண்டும்.

இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் வீட்டுக் குசினியில் நான்கு திருகாணிகளில் தொங்கிய அலுமாரி ஒன்று ஒரு விடியற்காலையில் தட்டுகளோடும் போத்தல்களோடும் கீழே வந்து விழுந்தது. அம்மா அப்போதுதான் தேநீர்த் தண்ணீர் வைத்துவிட்டு முன்கூடத்துக்குப் போயிருந்தார். சுவரைப் பார்த்தபோது, நான்கு துளைகளில் இரண்டு சீமெந்துக் கல்லின் உட்குழிக்குள் திறந்திருந்தன. அவற்றில் இருந்த ரோல் பிளக்குகள், அதாவது திருகாணி இறங்கும்போது விரிந்து சுவரைப் பற்ற வேண்டிய உறைகள், எதையும் பற்றியிருக்கவில்லை. அலுமாரியைப் பூட்டிய நாளிலிருந்தே அதன் முழுப் பாரத்தையும் மற்ற இரண்டு திருகாணிகள்தாம் சுமந்திருக்கின்றன. அன்று முதல், எந்த முறை நல்லது என்று யாராவது கேட்டால், சுவர் எப்படிப்பட்டது என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன்.

## தீர்மானிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

சுவரின் உடம்பு. கொழும்பில் ஒரே தெருவில் நான்கு வகைச் சுவர்களைக் காணலாம். புதிய மாடிக் கட்டடங்களில் சில சுவர்கள் கம்பி கட்டிய கொங்கிரீட்; உட்சுவர்கள் பெரும்பாலும் சீமெந்துக் கல், அதிலும் பல உட்குழி உள்ளவை. பழைய வீடுகளில் 9 அங்குலச் செங்கற் சுவரும், சில இடங்களில் கபுக் எனப்படும் செம்புரைக் கல்லும் இருக்கும். அலுவலகமாக இருந்து வீடாக மாறிய இடங்களில் ஜிப்சம் பலகைத் தடுப்புகள் உண்டு. கைமுட்டியால் தட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். ஆயினும் உறுதியான விடை, மறைவான ஓரிடத்தில் 6 மில்லிமீற்றர் அலகால் ஒரு சோதனைத் துளை போடும்போதே கிடைக்கும். சிவந்த தூள் வந்தால் செங்கல் அல்லது கபுக். சாம்பல் தூள் வந்து, அலகு சீராக, கடினமாக இறங்கினால் கொங்கிரீட். சாம்பல் தூள் வந்து, பூச்சைத் தாண்டி 25 முதல் 35 மில்லிமீற்றர் ஆழத்தில் அலகு திடீரென்று உள்ளே விழுந்தால் அது குழிக்கல்.

பூச்சின் தடிப்பு. சாந்துப் பூச்சு பாரம் தாங்காது. பூச்சு 15 மில்லிமீற்றர் என்றால், அந்த 15 மில்லிமீற்றரைத் தாண்டிய பின்புதான் பிளக்கின் பிடி தொடங்குகிறது. பழைய சுவர்களில் பூச்சு இதைவிடத் தடிப்பாக இருப்பதும், கல்லை விட்டுக் கழன்று நிற்பதும் வழக்கம்.

பாரமும் அது இழுக்கும் விதமும். 800 மில்லிமீற்றர் அகலம், 720 உயரம், 300 ஆழம் உள்ள ஓர் அலுமாரி 16 மில்லிமீற்றர் பலகையில் செய்யப்பட்டால் ஏறத்தாழ 20 கிலோ வரும். தட்டுகள், அரிசி, பருப்பு, போத்தல்கள் என்று 40 கிலோ ஏற்றினால் மொத்தம் 60 கிலோ. இந்தப் பாரத்தின் பெரும்பங்கு திருகாணியைக் கீழ்நோக்கி அழுத்துகிறதே தவிர, வெளியே பிடுங்குவதில்லை. அலுமாரியின் அடிவிளிம்பு சுவரில் ஊன்றியிருந்தால், மேலே பிடுங்கும் விசை சுமார் 14 கிலோவுக்குச் சமம்; அதுவும் எல்லாத் திருகாணிகளுக்கும் சேர்த்து. ஆனால் 250 மில்லிமீற்றர் ஆழமும் 50 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஒரு தனித் தட்டில் வெறும் 20 கிலோ புத்தகம் அடுக்கினால், அதன் மேல் திருகாணிகளைப் பிடுங்கும் விசை 60 கிலோவைத் தாண்டுகிறது. உயரமான அலுமாரியைவிட மெல்லிய தட்டே சுவரை அதிகம் சோதிக்கும். கடையில் பார்க்கும்போது இது நேர்மாறாகத் தோன்றுவதால், பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஈரமும் கறையானும். ஆண்டுக்கு 2300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் நகரம் இது. மே மாதத்திலும், ஒக்டோபர் நவம்பரிலும் வெளிச்சுவர்கள் நாட்கணக்கில் நனைந்து கிடக்கும். சுவருக்கும் பலகைக்கும் இடையில் காற்றோட்டம் உண்டா என்பது இங்கே அழகு பற்றிய கேள்வி அன்று.

இவற்றோடு, சுவர் எவ்வளவு நேராக இருக்கிறது, பின்னர் கழற்ற வேண்டி வருமா, வேலை செய்யும் பாஸின் கைத்திறனும் கருவிகளும் எப்படி என்ற மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## நேரடியாகச் சுவரில் திருகுதல்

அலுமாரியின் பின்புறத்தில் துளையிட்டு, அதற்கு நேரே சுவரிலும் துளையிட்டு, பிளக் வைத்துத் திருகுவது. மிகக் குறைந்த பொருட்செலவும் மிக விரைவான வேலையும் இதுதான். அலுமாரி சுவரோடு ஒட்டியும் நிற்கும். கொங்கிரீட் சுவரிலும், கெட்டியான 9 அங்குலச் செங்கற் சுவரிலும் இம்முறையில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 8 மில்லிமீற்றர் பிளக்கும் 5 அல்லது 6 மில்லிமீற்றர் திருகாணியும் பூச்சைத் தாண்டி முழு நீளமும் இறங்கினால், வீட்டு அலுமாரியின் பாரம் அவற்றுக்குப் பெரிதன்று.

இதன் குறை, துளை எங்கே விழ வேண்டும் என்பதை அலுமாரி தீர்மானிக்கிறது, சுவர் அன்று. அலுமாரியின் மூலை குழிக்கல்லின் வெற்றிடத்துக்கு நேரே வந்தால் அங்கேதான் துளையிட்டாக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் சாதாரண பிளக் விரிந்து பிடிக்கச் சுவர் இருக்காது. குழிக்குள் விரிந்து கல்லின் உட்புறத்தைப் பற்றும் சிறகுப் பிடிப்பான்களைப் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றுக்குத் துளை பெரிதாக வேண்டும், கல்லின் மெல்லிய ஓடு உடைந்துவிடாமலும் பார்க்க வேண்டும். நான்கு அலுமாரிகளுக்கு 16 துளைகள் என்றால், ஒவ்வொன்றும் ஒரு புதுச் சூதாட்டம்.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான அலுமாரிகளின் பின்பலகை 3 மில்லிமீற்றர்தான். திருகாணியின் தலை அதைக் காலப்போக்கில் கிழித்துக்கொண்டு வெளிவரும். பின்பலகைக்கு உட்புறம், மேல்விளிம்போடு சேர்த்து, பக்கப் பலகைகளுக்குத் திருகப்பட்ட 18 மில்லிமீற்றர் பட்டி ஒன்று இருக்க வேண்டும். இந்தப் பட்டி இல்லாத அலுமாரியை எந்த முறையில் மாட்டினாலும் பயனில்லை. கீழே வரும் எல்லா முறைகளுக்கும் இதே நிபந்தனைதான்.

## தட்டையான மரச்சட்டம்

சுவரில் கிடையாக ஒரு நீண்ட மரச்சட்டத்தைப் பல இடங்களில் திருகி, அலுமாரிகளை அந்தச் சட்டத்தில் மரத் திருகாணிகளால் பூட்டுவது. கொழும்பின் சீமெந்துக் கல் வீடுகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

சுவரில் எங்கே துளையிடுவது என்பதை இப்போது நாங்கள் தீர்மானிக்கிறோம். சோதனைத் துளையில் கெட்டியான இடம் கிடைத்தால் அங்கே திருகலாம். குழி வந்தால் 50 மில்லிமீற்றர் தள்ளிப் போகலாம். பல வீடுகளில் கதவு யன்னல்களுக்கு மேலே ஏறத்தாழ 7 அடி உயரத்தில் லிண்டல் எனப்படும் கொங்கிரீட் உத்திரம் சுவர் நெடுக ஓடுகிறது. குசினி அலுமாரிகளின் மேல்விளிம்பும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வருகிறது. அலுமாரியை ஓரிரு அங்குலம் ஏற்றி இறக்கினால் மேற்சட்டம் முழுவதும் அந்தக் கொங்கிரீட்டிலேயே அமரும். இந்த வாய்ப்பைப் பாராமல் விடுவது பெரிய நட்டம்.

அளவுகளைச் சொல்கிறேன். சட்டம் 25 மில்லிமீற்றர் தடிப்பும் 75 மில்லிமீற்றர் அகலமும் இருக்கட்டும். சுவர்த் திருகாணிகள் 400 மில்லிமீற்றருக்கு ஒன்றாக, ஓர் அலுமாரிக்கு இரண்டுக்குக் குறையாமல் வர வேண்டும். திருகாணியின் நீளம், சட்டத்தின் தடிப்பு, பூச்சின் தடிப்பு, பிளக்கின் நீளம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை: 25, 15, 50 என்றால் 90 மில்லிமீற்றர். கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று 50 மில்லிமீற்றர் திருகாணியை வாங்கினால், அது பிளக்குக்குள் 10 மில்லிமீற்றர் மட்டுமே நுழையும். அலுமாரியைச் சட்டத்தோடு பூட்டுவதற்கு 40 மில்லிமீற்றர் போதும்.

மரம் எது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். தேக்கு, முதிரை, பலா ஆகியவற்றின் வைரம் பாய்ந்த பகுதி நல்லது; வெளிறு, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதி, உள்ள துண்டை உளுவும் கறையானும் முதலில் தேடி வரும். கூரைக்கு வாங்கி மிஞ்சிய சிலாகையை எடுத்துப் பூட்டும் பழக்கம் உண்டு. அது காய்ந்ததா, நேரானதா, வெளிறு இல்லாததா என்று பார்த்த பின்பே அதைச் சுவருக்குக் கொண்டு போக வேண்டும். பச்சை மரம் பூட்டிய பிறகு காய்ந்து சுருங்கி முறுக்கிக்கொள்ளும். அதோடு அலுமாரியின் கதவுகளும் ஒன்றுக்கொன்று நேர் தப்பும். போரிக் அமிலமும் வெண்காரமும் சேர்த்துப் பதப்படுத்திய றப்பர் மரம், மழை நேரடியாகப் படாத உட்சுவருக்கு மலிவான, நல்ல மாற்று. எம்.டி.எஃப் பலகையை மட்டும் சட்டமாகப் பயன்படுத்தாதீர்கள். ஈரத்தில் அது ஊதும். ஊதிய பின் திருகாணி அதில் நிற்காது.

இனி மறைந்திருக்கும் செலவுகள். மேலே மட்டும் சட்டம் வைத்தால் அலுமாரியின் அடி 25 மில்லிமீற்றர் உள்ளே சாயும். ஆகவே அடியிலும் அதே தடிப்பில் ஒரு சட்டம் வேண்டும். அது பாரம் சுமக்காது. ஊன்றுகோலாக மட்டும் நிற்கும். குசினியில் இங்கே ஒரு சிக்கல் வரும். சுவரின் கீழ்ப்பகுதியில் டைல் ஒட்டி, மேற்பகுதியை வெறும் பூச்சாக விட்டிருந்தால், டைலும் அதன் சாந்துமாக 15 மில்லிமீற்றர் அளவுக்கு ஒரு படி நிற்கும். மேற்சட்டம் பூச்சின் மேலும் அடிச்சட்டம் டைலின் மேலும் அமர்ந்தால், அடிச்சட்டத்தை அந்த அளவுக்கு மெலிதாகச் சீவ வேண்டும். டைலில் துளையிடும்போது ட்ரில்லின் தட்டும் இயக்கத்தை நிறுத்திவிட்டு, டைல் அலகால் ஓட்டை போட்டு, கல்லைத் தொட்ட பிறகே தட்ட விடுங்கள்.

அடுத்தது பக்கத்திலிருந்து தெரியும் இடைவெளி. அலுமாரி செய்யக் கொடுக்கும்போதே பின்பலகையை 25 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி வைக்கும்படி பாஸிடம் சொல்லிவிட்டால், பக்கப் பலகைகள் சட்டத்தை மூடிக்கொண்டு சுவரைத் தொடும். செய்து முடிந்த பிறகு சொன்னால் தனியாக ஒரு மூடுபட்டி ஒட்டத்தான் முடியும்.

சுவர் வளைந்திருந்தால் சட்டத்தை அதன் வளைவுக்கு இழுத்துத் திருகக் கூடாது. நூல் கட்டி, ரசமட்டம் பிடித்து, பள்ளமான இடங்களில் திருகாணி வரும் புள்ளிகளில் மட்டும் மெல்லிய ஆப்பு வைத்துத் திருக வேண்டும். இந்த ஒரு வேலைக்கு அரை நாள் போகலாம். ஆனால் சட்டம் நேராக நின்றுவிட்டால், அதன்பின் எத்தனை அலுமாரி ஏற்றினாலும் ஒவ்வொன்றுக்கும் மட்டம் பார்க்கத் தேவையில்லை.

ஜிப்சம் தடுப்பில் சட்டம் இன்னும் அவசியம். பலகை எதையும் தாங்காது. உள்ளே 400 அல்லது 600 மில்லிமீற்றருக்கு ஒன்றாக நிற்கும் உலோகக் கால்களே தாங்கும். சட்டம் அந்தக் கால்களைக் குறுக்கே கட்டிப் பாரத்தைப் பகிர்கிறது. கால்களும் மெல்லிய தகடுதான் என்பதால், அங்கே இலேசான அலுமாரியோடு நிறுத்திக்கொள்வது புத்தி.

## சாய்வெட்டுச் சட்டம்

ஒரே சட்டத்தை நீளவாக்கில் 45 பாகைச் சாய்வில் இரண்டாகக் கிழித்து, ஒன்றைச் சுவரிலும் மற்றதை அலுமாரியின் முதுகிலும் பூட்டுவது. சுவர்த் துண்டின் கூர்விளிம்பு மேலே, அறைப் பக்கம் இருக்கும். அலுமாரித் துண்டின் கூர்விளிம்பு கீழே, சுவர்ப் பக்கம் இருக்கும். அலுமாரியைத் தூக்கி இறக்கியதும் இரண்டும் கவ்விக்கொள்கின்றன. பாரம் கூடக் கூட அலுமாரி சுவரை நோக்கி இழுபடுகிறது என்பது இதன் சிறப்பு.

தட்டைச் சட்டத்தின் நன்மைகள் எல்லாம் இதற்கும் உண்டு. அதோடு, பாரமான அலுமாரியை ஒருவர் தோளில் தாங்கிக்கொண்டிருக்க மற்றவர் திருகாணி தேடும் அவஸ்தை இல்லை. ஏற்றிய பின் இடம் வலமாக நகர்த்தலாம். வீடு மாறும்போது தூக்கினால் வந்துவிடும். சுவரில் எஞ்சுவது ஒரு வரிசைத் துளைகள் மட்டுமே. தெஹிவளைத் தம்பதியருக்கு நான் சொன்னது இதுவே.

இதற்கு 18 மில்லிமீற்றர் பிளைவூட்டை நான் விரும்புகிறேன். கூர்விளிம்பு நார் வழியே பிளந்துபோகும் அச்சம் அதில் இல்லை. கணு இல்லாத நேர்நார் மரமும் ஆகும். சாய்வு சீராக வர வேண்டுமானால் மேசை வாள் தேவை. கையில் பிடித்து அறுத்தால் சாய்வு அங்கங்கே மாறி, இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். மொறட்டுவைப் பக்கத்துத் தளபாடப் பட்டறைகளிலோ, பக்கத்து மரக்காலையிலோ கொடுத்தால் சில நிமிட வேலை.

எங்கே ஆகாது? அலுமாரியை மேலே தூக்கி இறக்க இடம் வேண்டும். கவ்வும் ஆழம் 18 மில்லிமீற்றர் என்றால், அலுமாரிக்கு மேல் அதைவிடச் சற்று அதிகமான வெளி இருக்க வேண்டும். சீலிங்வரை முட்டும் அலுமாரிக்கு இது பொருந்தாது. இறக்கினால் அமர்வது போலவே, கீழிருந்து தள்ளினால் கழன்றும் வரும். ஏணி இடித்தாலோ, பிள்ளைகள் அடியைப் பிடித்து உயர்த்தினாலோ இது நடக்கலாம். அடிச்சட்டத்தில் ஒரு திருகாணி போட்டுப் பூட்டிவிட்டால் அந்த ஆபத்து நீங்கும். அந்த ஒரு திருகாணியை மறந்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன், தயவுசெய்து மறக்காதீர்கள்.

மெல்லிய தனித் தட்டுக்கு இந்த முறை உதவாது. மேலே கணக்கிட்ட பிடுங்கும் விசையைக் குறைக்கத் தட்டிலிருந்து கீழே நீளும் முதுகுப்பலகையோ தாங்கியோ வேண்டும்.

## உலோக ரெயில்

சுவரில் ஒரு தகட்டு ரெயிலைத் திருகி, அலுமாரியின் உள்மூலைகளில் உள்ள கொக்கிகளை அதில் மாட்டுவது. ஆயத்தக் குசினி அலுமாரிகளோடு வருவது இதுதான். கொக்கியின் திருகைத் திருப்பி அலுமாரியை மேலும் கீழும், உள்ளும் வெளியும் நகர்த்தலாம், சுவரோடு ஏறத்தாழ ஒட்டியே நிற்கும், கறையானுக்கும் வேலையில்லை. ஐந்தாறு அலுமாரிகள் ஒரே வரிசையில், நேரான கொங்கிரீட் சுவரில் வருமானால் இதுவே சிறந்த தெரிவு.

ரெயில் மெல்லியதாகையால் வளைந்த சுவரின் வளைவை அப்படியே எடுத்துக்கொள்ளும். துளைகள் ரெயிலில் முன்பே வெட்டப்பட்டவை என்பதால் குழிக்கல்லில் இடம் மாற்றும் சுதந்திரமும் குறைவு. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள வீடுகளில் உப்புக் காற்று நாகப் பூச்சை அரிக்கும். அங்கே ரெயிலும் திருகாணியும் துருப்பிடிக்காத உருக்காக இருப்பது நல்லது. சோடிக் கொக்கி எத்தனை கிலோ தாங்கும் என்பது பெட்டியில் எழுதியிருக்கும். எழுதாத பெட்டியை வாங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேர்த் திருகாணி | தட்டைச் சட்டம் | சாய்வெட்டுச் சட்டம் | உலோக ரெயில் |
|---|---|---|---|---|
| கொங்கிரீட், கெட்டிச் செங்கல் | மிக நன்று | நன்று | நன்று | மிக நன்று |
| குழிக்கல் | ஆபத்து | மிக நன்று | மிக நன்று | கவனம் தேவை |
| ஜிப்சம் தடுப்பு | வேண்டாம் | இலேசான பாரத்துக்கு | இலேசான பாரத்துக்கு | கால்களில் துளை பொருந்தினால் மட்டும் |
| வளைந்த சுவர் | சிரமம் | ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம் | ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம் | ஓரளவு |
| சுவரிலிருந்து தள்ளும் தூரம் | இல்லை | 25 மி.மீ. | 18 மி.மீ. | மிகக் குறைவு |
| கழற்றுவது | எளிது, துளைகள் பல | எளிது | மிக எளிது | எளிது |
| கறையான் கவலை | அலுமாரிக்கு மட்டும் | சட்டத்துக்கும் உண்டு | சட்டத்துக்கும் உண்டு | அலுமாரிக்கு மட்டும் |
| பொருட்செலவு | குறைவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |

## மூவருக்கும் சொன்னது

வெள்ளவத்தைத் தங்கையின் குசினியில் ஒரு சுவர் கொங்கிரீட், மற்றது குழிக்கல். கொங்கிரீட் சுவரில் அலுமாரியோடு வந்த ரெயிலையே பூட்டட்டும் என்றேன். குழிக்கல் சுவரில் முதலில் தட்டைச் சட்டம், அதன் மேல் அதே ரெயில். இரண்டையும் சேர்ப்பதில் தவறில்லை. சட்டம் சுவரின் குறையை ஏற்றுக்கொள்கிறது, ரெயில் மட்டத்தைச் சரிசெய்கிறது. இரு சுவர்களும் சந்திக்கும் மூலையில் அலுமாரிகளின் ஆழம் 25 மில்லிமீற்றர் வேறுபடும் என்பதையும், அதை அளவெடுக்கும்போதே பாஸிடம் சொல்லிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சுவிட்சுக்கும் பிளக் பொயின்டுக்கும் நேர் மேலேயும் கீழேயும் 230 வோல்ட் வயர்க் குழாய் ஓடும் என்பதால், அந்தக் கோட்டில் துளையிட வேண்டாம் என்றும் எச்சரித்தேன்.

கொட்டாஞ்சேனை ஐயாவின் வீடு கபுக். அந்தக் கல் மென்மையானது. பிளக் விரியும்போது கல்லே பொடிந்து இடம்விடும். அவருடைய புத்தகங்கள் 100 கிலோவுக்குக் குறையா. ஆழமான துளையில் பிசின் செலுத்தி ஊன்றும் இரசாயனப் பிடிப்பான்களோடு மேலும் கீழும் இரண்டு முதிரைச் சட்டங்கள் பூட்டலாம் என்றேன். பிசின் செலுத்துமுன் துளையின் தூளை ஊதி, தூரிகையால் தேய்த்து, மீண்டும் ஊத வேண்டும். பழைய வீடுகளில் சுவருக்குள் மரக்கட்டை அடித்து அதில் ஆணி அறையும் முறையை அவர் நினைவூட்டினார். ஈரக் காலத்தில் அந்தக் கட்டை ஊதிக் கல்லைத் தள்ளும். வெயில் காலத்தில் சுருங்கித் தளரும். படம் தொங்கவிட அது போதும், புத்தகத்துக்குப் போதாது. அதைவிட, அலுமாரிக்குக் கீழே நிலத்தில் ஊன்றும் இரண்டு கால்கள் வைத்தால் பாரம் சுவருக்கே போகாது, சட்டம் சாயாமல் பிடித்தால் போதும் என்று நான் சொன்னதும் ஐயா சற்று யோசித்துவிட்டு அதையே ஏற்றுக்கொண்டார்.

தெஹிவளைத் தம்பதியர் சாய்வெட்டுச் சட்டத்தைப் பூட்டிய அன்று, அலுமாரியை ஏற்றுமுன் வெறும் சட்டத்தை இரு கைகளாலும் பிடித்து, உடற்பாரத்தை மெதுவாகக் கொடுத்து ஒரு நிமிடம் தொங்கிப் பார்க்கச் சொன்னேன். சட்டம் அசையவில்லை, பூச்சிலும் விரிசல் இல்லை. நவம்பர் மழை முடிந்ததும் சுவர்த் திருகாணிகளை ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் பாக்கி.